உப்புத்தண்ணீர்த் தொட்டிக்கு எடுத்த கல்

அரியலூரைத் தனி மாவட்டமாக்கி, பலகையில் எழுதிய பெயிண்ட் காய்வதற்குள் திரும்பவும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டிருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் என் சித்தப்பா எங்கள் வீட்டுக் கூடத்தில் உப்புத்தண்ணீர் மீன்தொட்டி வைத்தார். கடலுக்கும் எங்கள் ஊருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எங்கள் வீட்டில் கடல்மீன் என்றால் அது ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் தடவிக்கொண்டு குழம்புக்குக் காத்திருப்பதுதான். அதை நீந்தவிட்டு வேடிக்கை பார்ப்பது என்பது அம்மாவுக்குக் கடைசிவரை செரிக்கவில்லை.

சித்தப்பா அப்பாவுக்கு ஒரே தம்பி. துபாயில் வண்ணமீன் கடை ஒன்றில் வேலை பார்த்தார். பணக்காரர்கள் வீட்டுக்குப் போய், அங்கே இருக்கும் மீன்தொட்டிகளைச் சுத்தம் செய்து, தண்ணீரில் உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரவேண்டும். கல்யாணமான கையோடு அங்கே போனவர், அதன் பிறகு இரண்டு தடவை லீவில் வந்து போயிருந்தார். சித்தி எங்களோடு இருந்தாள். வாலிகண்டபுரத்துப் பெண், அதிர்ந்து பேசமாட்டாள். ஒவ்வொரு தடவை சித்தப்பா விமானம் ஏறிய பிறகும் தெருப் பெண்கள் அவளிடம் ஏதாவது விசேஷம் உண்டா என்று கேட்பார்கள். அவள் இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். தீபாவளியும் பொங்கலும் எல்லார் வீட்டிலும் ஒரே நாளில்தானே வருகின்றன, இதை ஏன் இவளிடம் போய்க் கேட்கிறார்கள் என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

இந்தத் தடவை வந்ததும், இனிமேல் போவதாக இல்லை என்று சித்தப்பா அறிவித்தார். கற்றுக்கொண்ட தொழிலை ஊரிலேயே செய்யப்போகிறாராம். அப்பா எலக்ட்ரிக் கடை வைத்திருந்தார். பெரம்பலூரில் திருச்சி ரோட்டில் புதிதாக ஓட்டல் கட்டிக்கொண்டிருந்த ஒருவருக்கு எங்கள் கடையிலிருந்துதான் வயரிங் சாமான்கள் போயின. அவரிடம் அப்பா தம்பியைப் பற்றிச் சொன்னார். ஓட்டல் வாசலில் கடல்மீன் தொட்டி என்றதும் அவருக்கு ஆசை வந்துவிட்டது. ஆனால் விவரமான மனிதர். முதலில் உங்கள் வீட்டில் வைத்துக் காட்டுங்கள், மீன் உயிரோடு இருக்கிறதா, தண்ணீர் தெளிவாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசலாம் என்றார். அவர் வைத்தால் பக்கத்திலிருந்த ஜவுளிக்கடைக்காரரும் ஒரு குழந்தை டாக்டரும் வைப்பதாகப் பேச்சு. இதற்கிடையே துபாய்க் கடைக்காரர் திரும்பி வரச்சொல்லி விசா அனுப்பியிருந்தார். அது பீரோவில் கெடுவோடு இருந்தது. ஆக, தொட்டி நிலைத்தால் சித்தப்பா நிலைப்பார், தொட்டி போனால் அவரும் போவார். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கண்ணாடிக் கடையில் அளவு சொல்லி நாலடித் தொட்டி செய்தாயிற்று. நாகப்பட்டினத்திலிருந்து அரியலூர் மார்க்கெட்டுக்கு வரும் மீன்வண்டியில் கேன் கேனாகக் கடல்தண்ணீரும் வந்துவிட்டது. அடுத்தது கல். துபாயில் கடலுக்கடியில் இருந்து எடுத்த கல்லை வாங்கிப் போடுவார்களாம். இங்கே கடலில் பவளப்பாறையை எடுத்தால் போலீஸ் பிடிக்கும். சித்தப்பா அதற்குக் கவலைப்படவில்லை. எங்கள் ஊர்க் கல்லே ஒருகாலத்தில் கடலுக்குள் இருந்த கல்தான் என்றார். அதில் எங்களுக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. சிப்பி பதிந்த கல்லும் நத்தை பதிந்த கல்லும் வைத்துத்தான் நாங்கள் பாண்டி ஆடினோம். சிமெண்ட் ஆலைக்குக் கல் ஏற்றிப்போகும் லாரிகள் பகலும் இரவும் எங்கள் தெருவைத் தாண்டிப் போயின. ஆனால் சித்தப்பாவுக்குக் கல் கிடைப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. குவாரிக் கல் வேண்டாம், வெடிமருந்து பட்டிருக்கும். ரோட்டோரக் கல் வேண்டாம், டீசல் குடித்திருக்கும். பருத்திக் காட்டு வரப்புக் கல் கூடவே கூடாது, மருந்தடித்துவிட்டு டேங்கை அங்கேதான் கழுவுவார்கள்.

கடைசியில் செந்துறைப் பக்கம் ஓர் ஓடையைப் பிடித்தார். சித்தப்பா, சித்தி, நான் மூன்று பேரும் சாக்கும் ஒரு கூடை எலுமிச்சம்பழமுமாகப் பஸ் ஏறிப் போனோம். ஓடையில் தண்ணீர் இல்லை. சித்தப்பா ஒவ்வொரு கல்லாகத் தூக்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆணியால் கீறினார், மோந்து பார்த்தார். பிறகு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து ஒரு சொட்டு விடுவார். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல், உப்புத்தண்ணீர் மீனுக்கு ஒத்துப்போகும். துருப்பிடித்த கல், மினுமினுக்கும் கல், உதிரும் கல், ஏடு ஏடாகப் பிரியும் ஜிப்சம் எல்லாம் தள்ளுபடி. மஞ்சளோ பச்சையோ கோடாக ஓடியிருந்தால் அந்தக் கல்லைத் தொடவே விடமாட்டார். உள்ளே என்ன உலோகம் இருக்கிறதென்று நமக்குத் தெரியாது, தண்ணீரில் மெல்ல இறங்கி மீனைக் கொன்றுவிடும் என்றார். சித்தி பழம் நறுக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். அவ்வளவு நேரம் அவர்கள் இருவரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சுருண்ட கல் ஒன்றைக் கண்டெடுத்தது சித்திதான். கரையில் பாதி புதைந்து கிடந்தது. தோண்டி எடுத்தால் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. வரிவரியாக, வெளியிலிருந்து உள்ளே சுற்றிச் சுற்றிப் போய் நடுவில் முடிந்தது. சித்தப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எலுமிச்சம்பழச் சொட்டு விட்டார், நன்றாகவே நுரைத்தது. இது அந்தக் காலத்தில் கடலில் நீந்திய ஒரு பிராணியின் ஓடு என்று விளக்கினார். சித்தி கேட்டுக்கொண்டாள். கேட்டுவிட்டு, எதுவாக இருந்தால் என்ன, பார்ப்பதற்கு நாகம் சுருண்டு படுத்த மாதிரி இருக்கிறதே என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சித்தப்பா சிரித்தார்.

திரும்பும்போது கண்டக்டர் சாக்கில் என்ன என்று கேட்டார். கல் என்றோம். தன்னைக் கிண்டல் செய்கிறோம் என்று நினைத்துச் சாக்கைப் பிரித்துப் பார்த்தார். அரியலூருக்குக் காசு கொடுத்துக் கல் ஏற்றிப் போகிற குடும்பத்தை இப்போதுதான் பார்க்கிறேன் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு, லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

வீட்டில் கல்லுக்கு நடந்த பணிவிடைகளைப் பார்த்து அம்மா மூக்கில் விரலை வைத்தாள். சோப்புத்தூள் போட்டுக் கழுவட்டுமா என்றாள். சித்தப்பா பதறிப்போனார். சோப்பு பட்டால் அந்தக் கல்லைத் தூக்கிப் போடவேண்டியதுதானாம். சரி, அண்டாவில் போட்டுக் கொதிக்க வைக்கலாமா என்றாள். உள்ளே ஈரம் இருந்தால் சூட்டில் கல் வெடித்தாலும் வெடிக்கும் என்றார். அம்மா அண்டாவை எடுத்துப் பரணில் வைத்துவிட்டாள். வெறும் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்து, டிரம்மில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றவேண்டும். எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். சித்தி அடிபம்பிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள். பெண் பார்க்கப் போனபோதுகூட இவன் இவ்வளவு துருவிப் பார்க்கவில்லை என்று அப்பா சொன்னதற்கு, தண்ணீர்க் குடத்தோடு நின்று சித்தியும் சிரித்தாள்.

கற்களைத் தொட்டியில் வைத்ததிலும் ஒரு முறை இருந்தது. மணலுக்கு மேலே வைக்கக்கூடாது. மீன் மணலைத் தோண்டினால் கல் சரிந்து கண்ணாடி உடைந்துபோகும். அதனால் அடியில் பிளாஸ்டிக் தகடு விரித்து, அதன்மேல் கற்களை ஆடாமல் அடுக்கிவிட்டு, பிறகுதான் மணலைக் கொட்டினார். சுருண்ட கல்லைப் பின்பக்கம் நிமிர்த்திச் சாய்த்து வைத்தார். அதன் உச்சி தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே நின்றது. மோட்டார் காற்று விட்டது. தண்ணீர் பழகவேண்டும் என்று சொல்லிப் பல வாரங்கள் மீனே விடவில்லை. அக்கம்பக்கத்தார் வந்து கல்லையும் தண்ணீரையும் பார்த்துவிட்டுக் காபி குடித்துப் போனார்கள். துபாயில் போய்க் கற்றுக்கொண்டு வந்து கிணற்றைக் காட்டுகிறான் என்றார் அப்பா.

பிறகு ஒருநாள் மண்டபம் என்கிற கடலோர ஊரிலிருந்து ரயிலில் மீன்கள் வந்தன. வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன் இரண்டு, கத்தரிப்பூவுக்கும் வானத்துக்கும் இடைப்பட்ட நீலத்தில் ஒன்று. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யாரும் டி.வி. பார்க்கவில்லை. அம்மாகூட வெங்காயம் உரிக்கக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். நீலமீன் சுருண்ட கல்லின் அடியில் இருந்த பொந்தைத் தன் வீடாக வைத்துக்கொண்டு, ஆரஞ்சு மீன்கள் அந்தப் பக்கம் வந்தால் விரட்டும். வாடகை தராதவர்களை விரட்டுவதுபோல இருக்கும். ஓட்டல்காரருக்குச் சொல்லி அனுப்பினோம். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

எதிர்வீட்டு அக்கா மீன் பார்க்க வந்தவள், மீனைவிட அந்தக் கல்லைத்தான் அதிகம் பார்த்தாள். பிள்ளை வேண்டும் என்பவர்கள் வெள்ளிக்கிழமை தவறாமல் அரசமரத்தடி நாகருக்குப் பால் ஊற்றுகிறார்கள், நீயும் எத்தனையோ வருஷமாக ஊற்றுகிறாய், இப்போது நாகமே உன் கண்ணில் பட்டு, உன் வீட்டுக்கே வந்து உட்கார்ந்திருக்கிறது, அதைச் சும்மா மீனுக்குக் காவல் வைத்திருக்கிறீர்களே என்று சித்தியிடம் சொன்னாள். நான் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். சித்தி கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓட்டல்காரர் வருவதற்குள் தொட்டியில் கொஞ்சம் தண்ணீரை மாற்றிவிட நினைத்து, வியாழக்கிழமை மத்தியானம் சித்தப்பா மீன்வண்டியோடு நாகப்பட்டினம் போனார். சனிக்கிழமை காலையில் புதுத் தண்ணீரோடு அதே வண்டியில் திரும்புவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை காலை நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக் கூடத்துக்கு வந்தபோது சித்தி தலைக்குக் குளித்து ஈரத் துண்டோடு தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஸ்டூல்மேல் ஏறி, தண்ணீருக்குள் கைவிட்டுக் கல்லின் உச்சியில் குழைத்த மஞ்சளைத் தடவினாள். பிறகு ஒரு தம்ளர் பாலை அதன்மேல் மெதுவாக ஊற்றினாள். பால் வெள்ளைத் துணி விரிவதுபோலத் தண்ணீருக்குள் இறங்கியது. அவள் கண்ணை மூடி நின்றாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று இப்போது எனக்குத் தெரியும். ஓட்டல்காரருக்குத் தொட்டி பிடிக்கவேண்டும், இவர் ஊரோடு இருக்கவேண்டும், ஒரு குழந்தை வேண்டும். வேறு எதையும் அவள் கேட்டிருக்கமாட்டாள். அன்றைக்கு எனக்கு, மீனுக்கும் பால் கொடுப்பார்கள்போல என்றுதான் தோன்றியது. அந்த நினைப்போடு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் தொட்டித் தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர்போல இருந்தது. மீன்கள் மூன்றும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அப்பா மோட்டாரைப் பிரித்துப் பார்த்தார், பிளக்கை மாற்றினார். கரண்ட் ஏற்ற இறக்கம் என்றார். அம்மா கண்ணேறு என்றாள், தெருவே வந்து பார்த்தால் பின்னே என்ன ஆகும் என்றாள். சித்தி தொட்டியை விட்டு நகரவில்லை. சித்தப்பாவிடம் செல்போன் கிடையாது. சித்தப்பா வந்தால் சரியாகிவிடும் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தால் பயமாக இருந்தது.

சனிக்கிழமை காலை சித்தப்பா கேன்களோடு வந்து இறங்கியபோது ஆரஞ்சு மீன்கள் இரண்டும் அடியில் கிடந்தன. நீலமீன் மட்டும் கல்லில் சாய்ந்தபடி செவுளை அசைத்துக்கொண்டிருந்தது. சித்தப்பா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. குழாயை வைத்துப் பழைய தண்ணீரை இறக்கி, புதுத் தண்ணீரை விட்டுப் போராடினார். மத்தியானத்துக்குள் அதுவும் போய்விட்டது. நான் அழுதேன். வெட்கமில்லாமல் சத்தம் போட்டு அழுதேன்.

பிறகு அவர் கற்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். நான் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். தண்ணீரில் மீன் வாடையோடு, கழுவாமல் போட்ட பால் பாத்திரத்தின் வாடையும் அடித்தது. சுருண்ட கல்லை எடுத்தபோது அதன் வரிகளுக்குள் மஞ்சள் மஞ்சளாக ஒட்டியிருந்தது. சித்தப்பா கட்டைவிரலால் அதைத் தேய்த்தார். விரலை மூக்குக்குக் கொண்டுபோனார். தலையைத் தூக்கிச் சமையல்கட்டுப் பக்கம் பார்த்தார். சித்தி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

என்னடா ஆச்சு, ஏதாவது தெரியுதா என்று அப்பா கேட்டார்.

"கல்லுதாண்ணே" என்றார் சித்தப்பா. "மஞ்சளா ஓடுது பாருங்க, உள்ள கந்தகம் இருந்துருக்கு. நாந்தான் சரியாப் பாக்காம எடுத்துட்டேன்."

சித்தி ஓரடி முன்னால் வந்தாள். சித்தப்பா அவளைப் பார்த்து, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டா" என்றார். அவள் அப்படியே நின்றுவிட்டு உள்ளே போனாள்.

அப்பாவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஊர் ஊராகப் போய்க் கல் பொறுக்கினாயே, எலுமிச்சம்பழம் பிழிந்தாயே, துபாயில் இத்தனை வருஷம் என்னதான் கற்றுக்கொண்டாய், ஒரு கல்லைப் பார்த்து எடுக்கத் தெரியவில்லையே என்று வாயில் வந்ததெல்லாம் சொன்னார். சித்தப்பா தலையைக் குனிந்து ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டார். எனக்கு அவமானமாக இருந்தது. மஞ்சள் கோடு ஓடிய கல்லைத் தொடாதே என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அதை எடுத்து வைத்திருக்கிறாரே என்று மனது கசந்துபோனது. பால் ஊற்றியதை நான் சொல்லவில்லை. பால் யாரையாவது கொல்லும் என்று எனக்கு எப்படித் தோன்றும்? என்னை யாரும் கேட்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டல்காரர் வந்து காலித் தொட்டியைப் பார்த்தார். காபி குடித்தார். நம் ஊருக்கு இதெல்லாம் சரிப்படாது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். பிற்பாடு அவர் ஓட்டல் வாசலில், குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றும் பெண் சிலை ஒன்று வந்தது. தொட்டியைத் திரும்பக் கழுவி, தண்ணீரைப் பழக்கி, மீன் விடுவதென்றால் மறுபடியும் பல வாரம் ஆகும். விசா அதுவரை காத்திருக்காது. சித்தப்பா டிக்கெட் போட்டார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவர் செய்த காரியம் எனக்கு விளங்கவில்லை. சுருண்ட கல்லைப் பிரஷ் போட்டு வரி வரியாகத் தேய்த்துக் கழுவினார். கொல்லையில் வேப்பமரத்தடியைச் சுத்தம் செய்து, கொஞ்சம் சிமெண்ட் குழைத்து, கல்லைக் கிழக்குப் பார்த்தாற்போல நிமிர்த்திப் பதித்தார். குடியக் கெடுத்த கல்ல எதுக்கு வூட்டுல வைக்கறீங்க தம்பி, கொண்டுபோய் ஓடையில போடுங்க என்று அம்மா திட்டினாள். விஷக்கல்லு அண்ணி, வெளிய கெடந்தா யாராச்சும் எடுத்துடுவாங்க, இங்கயே இருக்கட்டும் என்றார். விஷக்கல்லுக்குத் திசை பார்த்துப் பதிப்பானேன் என்று நினைத்தேன். சித்தி பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

அவர் போன அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் பல் துலக்கக் கொல்லைக்குப் போனேன். சித்தி வேப்பமரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்தக் கல்லுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தம்ளரில் பால். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கல்லாலதான் மீனெல்லாம் செத்துச்சு, சித்தப்பாவும் போயிட்டாரு, அதுக்குப் போயி பால் ஊத்துறீங்களே என்றேன். சித்தி நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் விடவில்லை. சித்தப்பாவுக்குக் கல்லைப் பற்றி ஒன்றுமே தெரியாது, சும்மா தெரிந்தமாதிரி பேசினார், அப்பா திட்டியது சரிதான் என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

"அப்படிச் சொல்லாத பாப்பா" என்றாள் சித்தி. "ஒஞ் சித்தப்பாவுக்கு எல்லாந் தெரியும். எல்லாந் தெரிஞ்சுதான் போயிருக்காரு."

புருஷனை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாள் என்று நினைத்தேன். தெரிந்திருந்தால் மஞ்சள் ஓடிய கல்லை ஏன் எடுத்தார் என்று திருப்பிக் கேட்டேன். தம்ளரைக் கையில் எடுத்த சித்தி ஊற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பதில் இல்லாததால்தான் பேசாமல் இருக்கிறாள், நான் கேட்டது சரியான கேள்வி என்ற திருப்தியோடு, வாயைக் கொப்பளித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினேன்.